செம்மண்ணுல இரும்பு இல்லாமலா? குச்சிக்கிழங்கு (மரவள்ளி) கொழுந்து வெளுத்துப் போகுது, யாராவது சொல்லுங்க

ஓமலூர் குச்சிக்காடு:
வணக்கம்ங்க. ரெண்டு ஏக்கர் முள்ளுவாடி ரகக் குச்சி நட்டு மூணாவது மாசம் ஓடிட்டு இருக்கு. கிணறு வத்திப்போச்சு, போர் தண்ணி தான் கட்டுறோம். ஒரு பதினஞ்சு நாளா கொழுந்து இலை மஞ்சளாக ஆரம்பிச்சுது, முதல்ல நரம்பு மட்டும் பச்சையா நின்னுச்சு, இப்ப அதுவும் போயி இலையே வெள்ளைக் காகிதம் மாதிரி இருக்கு. அடி இலையெல்லாம் நல்லா பச்சையாத்தான் இருக்கு. உரக்கடையில சத்துக் கொறைவுன்னு இன்னொரு மூட்டை டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கற உரம்) போடச் சொன்னாங்க, கடன் வாங்கி போட்டேன், ஒண்ணும் ஆகல. மண் பரிசோதனை ரிப்போர்ட்ல பிஹெச் (புளிப்பா காரமான்னு காட்டுற அளவு, 7க்கு மேல காரம்) 8.4, மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம், சாம்பல் சத்து (பொட்டாஷ்) அதிகம்னு வந்திருக்கு. பக்கத்து காட்டுக்காரர் இரும்புச்சத்து கொறைவுங்கறார். மண்ணு செவப்பா இருக்கறதே இரும்பாலதானே, அப்புறம் எப்படிங்க கொறையும்?

வாழப்பாடி அண்ணன்:
தம்பி, பக்கத்து காட்டுக்காரர் சொன்னது சரி, நீ கேக்கற கேள்வியும் சரி. உன் மண்ணுல இரும்பு ஏராளமா இருக்கு, ஆனா அது துரு. துருவை வேர் குடிக்க முடியாது, தண்ணியில கரைஞ்சாத்தான் வேருக்குள்ள போகும். பிஹெச் 8 தாண்டின சுண்ணாம்பு மண்ணுல இரும்பு கரையறதே இல்லைன்னு வெச்சுக்கோ, பிஹெச் ஒரு புள்ளி ஏறினா கரையிற இரும்பு ஆயிரத்துல ஒரு பங்கா கொறைஞ்சுடும். செடியும் சும்மா இருக்காது, வேர் நுனியில புளிப்பை விட்டு துருவைக் கரைச்சு எடுக்கப் பாக்கும், ஆனா நீ கட்டுற போர் தண்ணி உப்பும் சுண்ணாம்புமா இருந்தா அந்த புளிப்பையும் அது முறிச்சுடும். கொட்டுன டிஏபி வேற, மணிச்சத்து ஏற ஏற இரும்பும் துத்தநாகமும் செடிக்குள்ள போறது இன்னும் கொறையும். ரிப்போர்ட்லயே மணிச்சத்து அதிகம்னு இருக்கும்போது அதை போடச் சொன்னது தப்பு, மனசு பொறுக்கல எனக்கு.

ஒண்ணு கவனி. தழைச்சத்து (நைட்ரஜன்) கொறைஞ்சா முதல்ல அடி இலை தான் மஞ்சளாகும், ஏன்னா செடி பழைய இலையில இருந்து உருவி கொழுந்துக்கு குடுத்துடும். இரும்பை அப்படி உருவ முடியாது, போன இடத்துல தங்கிடும், அதனால கொழுந்து தான் பட்டினி கிடக்கும். உன் இலையே சொல்லுது பாரு.

காட்டுல வெள்ளைக் கல்லு கிடக்குதா? ஒரு பொடிக் கல்லை எடுத்து அது மேல ஆசிட் ரெண்டு சொட்டு விடு, கையில படாம. உடனே பொங்கி நுரைச்சா சுண்ணாம்புக் கல். நம்ம சேலத்துல வெட்டி எடுக்கற மேக்னசைட் கல்லும் வெள்ளையாத்தான் இருக்கும், அது சூடு பண்ணாத ஆசிட்டுக்கு லேசுல பொங்காது.

ஏற்காடு காப்பித் தோட்டம்:
மேல எங்களுக்கு அப்படியே தலைகீழ்ங்க. பாக்சைட் (அலுமினியத் தாது) எடுத்த மலை, மழை கழுவிக் கழுவி மண்ணு புளிச்சுப் போயி கிடக்கு. இங்க இரும்பும் அலுமினியமும் தாராளமா கரையும், போட்ட மணிச்சத்தை அதுங்களே புடிச்சு வெச்சுக்கும், அதனால நாங்க காப்பிக்கு சுண்ணாம்பு போட்டுத்தான் மண்ணை வழிக்கு கொண்டு வர்றோம். ராக் பாஸ்பேட் (மணிச்சத்து இருக்கற கல்லுப் பொடி) இங்க புளிப்புல மெதுவா கரைஞ்சு வேலை செய்யும், அதே மூட்டையை ஓமலூர்ல போட்டா கல்லாவே கிடக்கும். மலை ஏறி இறங்கற தூரத்துல ஒரே உரம் ரெண்டு விதமா நடந்துக்குது, அதனால மூட்டையில எழுதியிருக்கற நம்பரை மட்டும் பாத்து யாரும் வாங்காதீங்க.

அக்ரி படிக்கிற தங்கச்சி:
அண்ணா, மண்ணுல அன்னபேதியை (இரும்பு சல்பேட்) அப்படியே தூவிடாதீங்க, சுண்ணாம்பு மண்ணுல சீக்கிரமே துருவாயிடும், காசு வீண். இலைக்கு தெளிங்க. லிட்டருக்கு 10 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் ஆசிட், பத்து லிட்டர் டேங்க்னா அன்னபேதி 100 கிராம், சிட்ரிக் ஆசிட் 10 கிராம், சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு. அன்னபேதி வாங்கும்போது பச்சை நிறக் கட்டியா இருக்கணும், பழுப்பு ஏறியிருந்தா அது ஏற்கனவே துரு. முழுக்காட்டுக்கும் அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு பிரஷ்ல நாலு கொழுந்து இலையில பாதி மட்டும் பூசி அஞ்சாறு நாள் பாருங்க. மண்ணுக்கு குடுக்கணும்னா அன்னபேதியை மக்கின எருவோட கலந்து ஈரமா மூடி வெச்சு வேர் பக்கத்துல குடுங்க, எருவுல இருக்கற பொருள் இரும்பைப் புடிச்சு கரையிற நிலையிலயே வெச்சிருக்கும். இன்னொண்ணு, மணிச்சத்து போட்ட இடத்துல இருந்து சில மில்லிமீட்டர் தான் நகரும், அதை மேலாப்புல தூவினா வேருக்கு எட்டாது. தழைச்சத்து அப்படி இல்ல, தண்ணியோட ஓடும், அதிகமா பாய்ச்சினா வேரைத் தாண்டி கீழ போயிடும். ஏத்தாப்பூர்ல மரவள்ளி ஆராய்ச்சி நிலையம் இருக்கு, சந்தியூர் கேவிகேயும் (வேளாண் அறிவியல் மையம்) பக்கம் தான், ரெண்டு செடி பிடுங்கிட்டு நேர்லயே போயி காட்டுங்க.

ஓமலூர் குச்சிக்காடு:
எல்லாருக்கும் நன்றிங்க. கல்லு மேல ஆசிட் விட்டேன், சோடா பாட்டில் மாதிரி பொங்குச்சு. போர் தண்ணி காய்ச்சற அடுக்குல வெள்ளையா படிஞ்சிருக்கறதும் இப்பத்தான் உறைக்குது. தங்கச்சி சொன்ன மாதிரி பிரஷ்ல பூசினேன், இன்னைக்கு ஆறாவது நாள், பூசின பாதி பச்சை ஏறியிருக்கு, பூசாத பாதி அப்படியே வெள்ளை, ஒரே இலையில கோடு போட்ட மாதிரி. அம்மாவைக் கூட்டிட்டு போயி காட்டினேன். நாளைக்கு சாயங்காலம் ரெண்டு ஏக்கருக்கும் அடிக்கறேன், எருக்குழியில இருந்து நாலு வண்டி எடுத்து அன்னபேதி கலந்து மூடி வெச்சிருக்கேன். அடுத்த வருசத்துக்கு டிஏபி வாங்கறதுக்கு முன்னாடி ரிப்போர்ட்டை இங்க போடறேன், பாத்து சொல்லுங்க அண்ணா.