ஈஸ்ட் பிராத்தில் ஓலைல் ஆல்கஹால்: எமல்ஷன் பிரியவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

கேட்டவர்:
வணக்கம். சாக்கரோமைசிஸ் ஈஸ்ட்டை வைத்து எல்-ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து 2-ஃபினைல் எத்தனால் (ரோஜா வாசனைக்கான பொருள்) எடுக்கிறோம். பிராத்தில் (ஈஸ்ட் வளரும் ஊட்டநீரில்) அது லிட்டருக்கு 4 கிராம் கிட்ட நெருங்கினாலே ஈஸ்ட் படுத்துவிடுகிறது. அதனால் ஃபெர்மென்டருக்குள்ளேயே (நொதிக்கும் கலன்) நீரில் கலக்காத எண்ணெய் போன்ற ஓலைல் ஆல்கஹாலை ஊற்றி, உண்டாக உண்டாக எண்ணெய்க்குள் இழுக்கிறோம். மொத்த விளைச்சல் நன்றாகவே கூடியது. ஆனால் பேட்ச் முடிந்து இறக்கினால் எண்ணெயும் நீரும் பிரியாமல் எல்லாம் பாலாக, எமல்ஷனாக நிற்கிறது. சென்ட்ரிஃப்யூஜில் போட்டாலும் நடுவில் கிரீம் மாதிரி ஓர் அடுக்கு. சரக்கில் பெரும்பகுதி அதற்குள்தான். கலக்கும் வேகத்தைக் குறைத்தால் ஆக்சிஜன் போதவில்லை. சர்ஃபாக்டன்ட் (எண்ணெயையும் நீரையும் பிணைக்கும் சோப்பு போன்ற பொருள்) எதுவும் சேர்க்கவில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
இரண்டு விஷயம் சொல்லுங்கள். பிராத்தில் எத்தனால் எவ்வளவு? அந்தக் கிரீமை மைக்ராஸ்கோப்பில் பார்த்தீர்களா? குளுக்கோஸை வேகமாக ஊட்டினால், காற்று தாராளமாக இருந்தாலும் இந்த ஈஸ்ட் எத்தனால் போடும். எத்தனாலும் ஃபினைல் எத்தனாலும் சேர்ந்தால் ஒவ்வொன்றும் தனியாகத் தருவதை விட அடி பலம். ஓலைல் ஆல்கஹால் எத்தனாலைப் பெரிதாக இழுக்காது, அது நீரிலேயே தங்கும்.

கேட்டவர்:
எத்தனால் அதிகம்தான், ஊட்டத்தைக் குறைக்கிறேன். கிரீமைப் பார்த்தேன்: ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் சுற்றி ஈஸ்ட் செல்கள் நெருக்கமாக ஒட்டி, தோல் போர்த்தியது போல இருக்கிறது. துளியோடு துளி சேரவே இடமில்லை.

மறுமொழி 2:
அப்படியானால் சர்ஃபாக்டன்ட் வேலையைச் செல்களே செய்கின்றன. செல் உடைந்து வெளிவரும் புரதமும் கூட நிற்கும். இதைச் சென்ட்ரிஃப்யூஜோடு மல்லுக்கட்டித் தீர்க்க முடியாது. செல்லும் எண்ணெயும் ஒன்றையொன்று தொடாதபடி பிரித்து வையுங்கள், அதுதான் நிரந்தரத் தீர்வு.

பிராத்தை வெளிச் சுற்றில் எடுத்து ஹாலோ ஃபைபர் மெம்பிரேன் (நுண்துளைச் சுவருள்ள மெல்லிய குழல்களின் கட்டு) வழியாக விடுங்கள், எண்ணெய் மறுபக்கம் ஓடட்டும். நீர் ஒட்டாத மெம்பிரேன் என்றால் துளைகளில் எண்ணெய் நிரம்பும். எனவே பிராத் பக்க அழுத்தம் எண்ணெய்ப் பக்கத்தை விடச் சற்று கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் எண்ணெய் பிராத்துக்குள் கசிந்து பழைய கதை திரும்பும். நீர் துளைக்குள் புகும் அளவுக்கு ஏற்றவும் கூடாது. மெம்பிரேன் பரப்பை ஈஸ்ட் உச்ச வேகத்தில் உண்டாக்கும் அளவுக்குக் கணக்கிடுங்கள். சராசரிக்குப் போட்டால், வேகம் ஏறும் நேரத்தில்தான் பிராத்தில் சேர்ந்து செல்லைக் கொல்லும்.

மறுமொழி 3:
மெம்பிரேனில் செல் படிந்து அடைக்கும், அதைக் கழுவும் வேலையும் சேரும். நான் ரெசின் பக்கம். பாலிஸ்டைரீன் வகை நுண்துளை ரெசின் மணிகளை (சரக்கைத் தன்மேல் ஒட்டவைத்துப் பிடிப்பவை) வெளியே ஒரு நெடுங்குழாயில் (column) வைத்து, பிராத்தைக் கீழிருந்து மேலே விட்டால் படுகை விரிந்து செல் நழுவிப் போகும். இறுக்கமான படுகையில் அடைத்துக்கொள்ளும். ஃபெர்மென்டருக்குள் போட்டால் இம்பெல்லரில் (கலக்கும் விசிறி) மணிகள் நொறுங்கும். நிரம்பியதும் எத்தனாலால் கழுவி எடுக்கலாம், எமல்ஷன் பிரச்சினையே வராது. ஒரே எச்சரிக்கை: ஃபினைல்அலனினும் அரோமேட்டிக் (பென்சீன் வளையம் உள்ளது) என்பதால் ஓரளவு ஒட்டும். செல் இல்லாத பிராத்தில் இரண்டையும் கலந்து, ரெசின் எதை எவ்வளவு பிடிக்கிறது என்று முதலில் அளந்துவிடுங்கள்.

கேட்டவர்:
ரெசினை முதலில் சோதிக்கிறேன். கையில் இருக்கும் கிரீமிலிருந்து சரக்கை மீட்க வழி உண்டா?

மறுமொழி 2:
சின்ன மாதிரியில் சூடாக்கி, சூடு ஆறும் முன்பே சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிப் பாருங்கள். அசையாவிட்டால் ஓலைல் ஆல்கஹாலை இன்னும் நிறைய ஊற்றிக் கலக்குங்கள். எண்ணெயின் பங்கு மிஞ்சும்போது எமல்ஷன் புரண்டு, நீர் துளிகளாகிவிடும். அப்போது பிரிப்பது சுலபம். தெளிந்த எண்ணெயை வெற்றிடத்தில் காய்ச்சி வடியுங்கள். ஃபினைல் எத்தனால் சாதாரண அழுத்தத்தில் 219 டிகிரி செல்சியஸ் அருகே கொதிக்கும், ஓலைல் ஆல்கஹாலின் கொதிநிலை அதைவிட வெகு மேலே. சரக்கு மேலே வரும், எண்ணெய் அடியில் நின்று அடுத்த பேட்சுக்குத் திரும்பும்.