டர்பன் கிரே தெருவில் ஒரு சனிக்கிழமை: சைவம் உண்ணும் அப்பாவுக்கு எதைக் காட்டலாம்?

செய்யாற்றுப் பையன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மென்பொருள் வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. குடியிருப்பது உம்லங்காவில். வீடு, அலுவலகம், பேரங்காடி, கடற்கரை ஆகிய நான்கையும் தவிர இந்த ஊரில் வேறெதையும் நாங்கள் முறையாகப் பார்த்ததில்லை. இப்போது ஆடி மாதத்தில் செய்யாற்றிலிருந்து என் அப்பா வரப்போகிறார். எழுபத்திரண்டு வயது, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், முட்டைகூடத் தொடாத சைவம். "கடலையும் கடைகளையும் சென்னையிலேயே பார்த்துக்கொள்கிறேன். நம் பக்கத்து ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போன ஊராயிற்றே, அவர்கள் எங்கே புழங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள், என்ன பாடினார்கள் என்று காட்டு" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

அலுவலகத்தில் விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கிரே தெருவுக்குப் போ என்கிறார் ஒருவர். வரைபடத்தில் அப்படி ஒரு தெருவே இல்லை. வார்விக் சந்தைப் பக்கம் தலைவைக்காதே, கைப்பேசி போய்விடும் என்கிறார் இன்னொருவர். ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பித் தரும் பன்னி சௌ சாப்பிடாமல் டர்பனைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்கிறார் மூன்றாமவர். அந்தச் சொல்லை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதே முதல் சிக்கல். இரண்டாவது சிக்கல், சென்ற மாதம் நகர மையத்தில் ஒரு கடையில் பீன்ஸ் பன்னி கேட்டு வாங்கி, பாதி உண்ட பிறகு ரொட்டிக்கு அடியில் ஓர் எலும்புத் துண்டு அகப்பட்டது. கேட்டபோது, "ஆட்டுக் குழம்பு கொஞ்சம் மேலே ஊற்றினோம், கறி போடவில்லையே" என்று பதில் வந்தது. நான் எல்லாம் உண்பவன், ஆகவே சிரித்துவிட்டு வந்தேன். அப்பாவுக்கு இது நேர்ந்தால் மறுநாளே விமானம் ஏறிவிடுவார்.

எனவே ஒரு சனிக்கிழமையை எங்கே தொடங்கி எங்கே முடிக்கலாம், சைவ பன்னியை நம்பி உண்ண வழி உண்டா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும். அப்பா எங்கள் பக்கத்துப் புரிசை ஊரின் தெருக்கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர். கூத்து இங்கே ஏதேனும் மிச்சமிருக்கிறதா என்பதையும் அறிய ஆவல்.

சந்தைக்காரி பேத்தி எழுதியது:

தம்பி, முதலில் தெருப்பெயர்ச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறேன். கிரே தெருவின் இன்றைய பெயர் டாக்டர் யூசுஃப் தாதூ தெரு. விக்டோரியா தெரு பெர்த்தா ம்கிசே தெருவாகவும், குயின் தெரு டெனிஸ் ஹர்லி தெருவாகவும், பிரின்ஸ் எட்வர்ட் தெரு டாக்டர் கூனம் தெருவாகவும் மாறியிருக்கின்றன. பலகையில் கூனம் என்று படித்துவிட்டு அப்பா முகம் சுளித்தால், அது குணரத்தினம் என்ற தமிழ்ப் பெயரின் சுருக்கம் என்று சொல்லுங்கள். டர்பனில் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் படித்துத் திரும்பி, 1946-இல் தொடங்கிய சாத்வீக எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னின்ற பெண்மணி அவர். பெயர்கள் மாறிவிட்டாலும் வழி கேட்கும்போது கிரே தெரு என்றே கேளுங்கள். நாங்கள் எல்லோரும் இன்னமும் அப்படித்தான் சொல்கிறோம்.

நாளைச் சந்தையில் தொடங்குங்கள். வார்விக் சந்திப்பில் ஒன்பது சந்தைகள் இருக்கின்றன. அவற்றில் காய்கறிக்கு உரியது அதிகாலைச் சந்தை. என் ஆயா அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கீரைக்கட்டு விற்றவர். தோட்ட ஒப்பந்தம் முடிந்த குடும்பங்கள் ஊர் ஓரத்தில் குத்தகை நிலத்தில் பயிரிட்டு, விடியுமுன் கொண்டுவந்து இறக்கிய காய்கறியால் வளர்ந்த சந்தை அது. 2009-இல், உலகக் கோப்பைக் கால்பந்துக்கு முந்தைய ஆண்டில், அதன் இடத்தில் வணிக வளாகம் எழுப்ப நகராட்சி திட்டமிட்டது. இந்திய வியாபாரிகளும் ஆப்பிரிக்க வியாபாரிகளும் சேர்ந்து எதிர்த்ததால் அது நடக்காமல் போயிற்று. ஆகவே இன்றும் அங்கே முருங்கைக்கீரை, சுரைக்காய், கறிவேப்பிலை, மண் உதிராத சேப்பங்கிழங்கு எல்லாம் பார்க்கலாம். சேப்பங்கிழங்கை இங்கே மடும்பி என்பார்கள். சூலு மக்களின் சொல், நம் வீடுகளிலும் அதுவே நிலைத்துவிட்டது. மிளகாய் நிறுத்து விற்பதைவிடக் கிண்ணத்தில் அளந்து விற்பதே வழக்கம். அப்பாவை ஒரு கிண்ணம் வாங்கச் சொல்லுங்கள். கடைக்காரர் பையில் கவிழ்த்த பிறகு, கேட்காமலே மேலே நான்கைந்து மிளகாயைப் போடுவார். ஆயாவும் அப்படித்தான் செய்வார். "கொசுறு போடாத கை தராசுக்குக்கூடப் பிடிக்காது" என்பார்.

தமிழாசிரியர் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன். எங்கள் தமிழ் வீடுகளில் சீரகம் ஜீரா, சோம்பு சூம்ஃப், ஏலக்காய் எலாச்சி, கொத்துமல்லி தனியா. கிரே தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் குஜராத்திகள். கடன் சொல்லி வாங்கிய கடையின் சொல் அடுப்பங்கரைக்கும் வந்துவிட்டது என்பது என் எண்ணம். அப்பா திருத்த வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும்.

அங்கிருந்து நடைபாலம் வழியாக வந்தால், கட்டிமுடிக்காமல் விட்ட ஒரு மேம்பாலத்தின் மேல் மூலிகைச் சந்தை நடக்கிறது. வேர், பட்டை, கிழங்கு என்று நாட்டு மருந்துக் கடையைத் தெருநீளத்துக்கு விரித்துவைத்தது போலிருக்கும். முன்னோரை அழைக்க சூலு மக்கள் கொளுத்தும் இம்ஃபெஃபோ என்ற காய்ந்த செடியின் புகை, நம் வீட்டுச் சாம்பிராணியைப் போலவே வெள்ளிக்கிழமையை நினைவூட்டும். அடுத்தது விக்டோரியா தெருச் சந்தை. பழைய சந்தை 1973-இல் தீயில் எரிந்துபோயிற்று. இப்போதுள்ள கட்டடம் 1990-இல் திறந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கான மணிமாலையும் மரச்சிற்பமும் அங்கே அதிகம் என்பதால் எனக்கு அதன்மேல் பெரிய பற்று இல்லை. மசாலாக் கடைகளுக்காக மட்டும் போகலாம். செக்கச் செவேலென்று கூம்பாகக் குவித்து, மாமியாரை ஒழிக்கும் மசாலா என்று பெயர்ப்பலகை குத்தியிருப்பார்கள். அப்பாவின் மருமகளும் கூட வருகிறார் என்றால் அந்தப் பலகைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்பாதீர்கள்.

பன்னிக்கு வருவோம். பனியா என்ற வணிகச் சாதியின் பெயரிலிருந்து வந்த சொல் என்று விளக்கிவிடுங்கள், அப்பாவின் கலக்கம் தீர்ந்துவிடும். வெட்டாத வெள்ளை ரொட்டியைக் காலாகவோ பாதியாகவோ அறுத்து, நடுவைக் குடைந்து, குழம்பை நிரப்பி, குடைந்தெடுத்த பஞ்சை மேலே மூடியாக வைத்துத் தருவார்கள். அருகில் துருவிய கேரட்டும் வெங்காயமும் பச்சை மிளகாயும். கரண்டி கேட்கக் கூடாது. மூடியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து, விளிம்பிலிருந்து சுவரை இடித்துக்கொண்டே கீழே இறங்கவேண்டும். அவசரப்பட்டு அடியைத் தொட்டால் குழம்பு முழுவதும் மடியில். சைவத்துக்கு உங்கள் அலுவலக நண்பர்கள் சொல்லும் புகழ்பெற்ற கடைகளை விட்டுவிட்டு, கறியே சமைக்காத சைவக் கடையாகப் பார்த்துப் போங்கள். கறி சமைக்கும் கடையில் அகப்பை ஒன்றுதான் இருக்கும். அங்கே கேள்வி கேட்டுப் பயனில்லை.

சனிக்கிழமை வாத்தியார், சாட்ஸ்வர்த் எழுதியது:

சந்தைக்காரி பேத்தி அம்மா சொன்ன வழியில் எனக்கு ஒரே ஒரு மறுப்பு உண்டு. பனியா கதையை உறுதியாகச் சொல்லாதீர்கள். பன்னியின் பிறப்புக்குப் பல கதைகள் உண்டு. நிறவெறிக் காலத்தில் உணவகத்துக்குள் அமர அனுமதி மறுக்கப்பட்ட கறுப்பின மக்களுக்குப் பின்வாசல் வழியாக, பாத்திரம் தேவைப்படாதபடி ரொட்டியையே பாத்திரமாக்கிக் கொடுத்தார்கள் என்பதும் அவற்றுள் ஒன்று. இரண்டையும் சொல்லிவிட்டு அப்பாவையே முடிவு செய்ய விடலாம். ஆசிரியருக்கு அது பிடிக்கும்.

அவர் செய்யாற்றுக்காரர் என்பது இந்தக் கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து வந்துசேர்ந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்களில் வட ஆர்க்காடு, செங்கல்பட்டு, சித்தூர்ப் பக்கத்தவர் ஏராளம். கூத்து வாழும் மண்ணிலிருந்து ஆட்கள் வந்தால் கூத்தும் கூடவே வரத்தானே செய்யும். தோட்டக் குடியிருப்புகளிலும் கோயில் திருவிழாக்களிலும் இரவு முழுவதும் பாரதக் கதை ஆடினார்கள்; பெண் வேடமும் ஆண்களே கட்டினார்கள். இங்கே அதற்கு ஆங்கிலத்தில் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்ற பெயரே வழங்குகிறது. அந்தப் பெயரில் கேட்டால்தான் இளைஞர்களுக்குப் புரியும், தெருக்கூத்து என்றால் விழிப்பார்கள். இன்று ஆடும் குழுக்கள் சிலவே. விடிய விடிய ஆடுவதும் அரிது. வசனம் பாடமாயிருக்கும், பொருள் பாதி தெரியாது என்று ஆடுபவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் முகத்தில் அரிதாரம் ஏறி, மேளம் தொடங்கி, திரையைப் பிடித்துக்கொண்டு வேடம் பின்னால் நின்று குரல் கொடுக்கும்போது, புரிசையில் பார்த்த அதே பொருளைத்தான் அப்பா பார்ப்பார். கோயில் விழாக்களையொட்டியே நடக்கும் என்பதால் ஆடியில் கிடைக்குமா என்று உறுதிகூற இயலாது. கோயில் அலுவலகங்களில் விசாரியுங்கள்.

ஆடியில் உறுதியாகக் கிடைப்பது கூழ். ஆங்கிலத்தில் பாரிஜ் பிரேயர் என்பார்கள், தமிழ் தெரியாத வீடுகளிலும் கூழு என்ற சொல் மட்டும் பிழைத்திருக்கிறது. மாரியம்மன் கோயில்கள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையில் ஊற்றுவார்கள். எங்கள் கோயிலில் கேழ்வரகுக்குப் பதில் சோள மாவு. முதல் நாள் கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் காய்ச்சித் தயிர் சேர்த்து, பூசணிக்காய்க் கறியுடன் படைப்போம். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: சில கோயில்களில் அன்று ஆடு, கோழி பலியும் உண்டு. எந்தக் கோயில் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஆடி என்றால் இங்கே குளிர்காலம் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள். கூழைச் சூடாகக் குடிக்கும் ஊர் இது, ஒரு சால்வை இருக்கட்டும்.

இன்னொரு முறை வருவதாயிருந்தால் ஈஸ்டரில் வரச்சொல்லுங்கள். இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா பெரிய வெள்ளியில்தான் உச்சம். தோட்டத்தில் விடுமுறை கிடைத்த நாள் அதுவே என்பதால் அம்மன் அந்த நாளுக்கு மாறிக்கொண்டாள் என்று எங்கள் தாத்தா சொல்வார்.

வண்டி நிறுத்த இடம் தேடுபவன் எழுதியது:

சுருக்கமாக மூன்று குறிப்புகள். வார்விக்குக்குப் பயந்து போகாமல் இருக்க வேண்டாம். அசியே ஏடாஃபுலேனி என்ற தொண்டு நிறுவனம் சந்தைகளுக்குள் வழிகாட்டி நடத்திச் செல்கிறது, வியாபாரிகளுக்கு அவர்கள் தெரிந்தவர்கள் என்பதால் படம் எடுப்பதிலும் சங்கடம் வராது. கைப்பேசியைக் கையில் ஏந்திக்கொண்டு நடக்காதீர்கள், அவ்வளவுதான். இரண்டாவது, பிற்பகலில் கடைகள் அடங்கிவிடும். ஆகவே ஜும்மா பள்ளிவாசலுக்கும் இம்மானுவேல் பேராலயத்துக்கும் இடையில் உள்ள மத்ரஸா ஆர்கேடை நண்பகலுக்கு முன் முடித்துவிடுங்கள். பள்ளிவாசலின் பொன்நிறக் கும்மட்டத்தையும் பேராலயத்தின் கூம்பையும் ஒரே பார்வையில் பார்க்கக் கிடைக்கும் அந்த இடைவழியில்தான் என் அப்பா பள்ளிச் சீருடை வாங்கினார். மூன்றாவது, கால் வலித்தால் நகர மண்டபத்துக்குப் போய்விடுங்கள். 1910-இல் கட்டிய அந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஓவியக்கூடமும் இயற்கை அறிவியல் அருங்காட்சியகமும் இருக்கின்றன. உட்கார நாற்காலியும் உண்டு.

செய்யாற்றுப் பையன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. அப்பா வந்து, சந்தையையும் கோயிலையும் பார்த்துவிட்டு, நேற்று ஊர் திரும்பினார். சந்தையில் எண்ணிப் பார்த்தோம், கொசுறு ஆறு மிளகாய். சைவக் கடையில் பீன்ஸ் பன்னியைச் சுவர் இடிக்காமல் நேராக அடியில் கைவைத்துவிட்டதால் வேட்டி ஒன்று பாழாயிற்று. "எச்சரித்தார்கள், நான்தான் கேட்கவில்லை" என்று அவரே ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூழுக்குச் சென்ற கோயிலில், முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார். ழகரம் வரவில்லை, பண் அப்படியே இருந்தது. அப்பா பின்னால் நின்று மெல்லச் சேர்ந்து பாடினார். பாடி முடித்ததும் பெரியவர் திரும்பி ஆங்கிலத்தில், "உங்களுக்குப் புத்தகம் வேண்டாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று அப்பா தலையசைத்ததும், அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த பதிகத்தை நீங்களே எடுங்கள் என்பதுபோலக் கைகாட்டினார்.

வாத்தியார் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள்: ஈஸ்டருக்கு மறுபடி வருவதாக அப்பா இப்போதே சொல்லிவிட்டார். சிக்ஸ் ஃபுட் டான்ஸ் எந்தக் கோயிலில் எந்த இரவு என்பது தெரிந்தவுடன் இங்கேயே எழுதுங்கள், அதைப் பார்த்துப் பயணச்சீட்டு எடுக்கிறேன்.