மறு: டிரோனிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? — ‘சுட்டா முகம்’ என் முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுவிட்டதால், எதற்காக இதைத் தொடங்கினோம் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பழைய ஐரோப்பிய உருவப்படங்களிலும் இன்றைய தெரு ஓவியங்களிலும் பெண்கள் எப்படி வருகிறார்கள் என்று ஒப்பிடும் கட்டுரைகளுக்கு ஒரு சொல்லடைவு வேண்டும். போர்ட்ரெய்ட்டுக்கு உருவப்படம், மியூரலுக்குச் சுவரோவியம்: இவற்றில் சண்டை இல்லை. ஸ்டென்சிலை ஸ்டென்சில் என்றே விடலாம், சுவரில் வேலை செய்கிறவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். சிக்கல் டிரோனியில்தான்: முகம் இருக்கும், ஆனால் குறிப்பிட்ட ஒருவரைக் காட்டாத படவகை அது.

> டச்சுச் சொல்தானே, அப்படியே வைத்துக்கொள்ளலாமே?

17-ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தின் ஓவிய வகையை மட்டும் குறிக்கும்போது தாராளமாக வைத்துக்கொள்ளலாம். அங்கே அதற்கு வெறுமனே ‘முகம்’ என்று பொருள். ரெம்பிராண்ட், லீவன்ஸ் போன்ற ஓவியர்கள் ஒரு கிழவர், ஒரு படைவீரர், தலைப்பாகை கட்டிய ஒருவர் என்று வரைந்தார்கள். வரைவதற்கு உயிருள்ள ஓர் ஆள் எதிரே இருந்திருக்கலாம். ஆனால் படம் அந்த ஆளைப் பற்றியது அல்ல, வாங்கியவரும் ‘இது யார்?’ என்று கேட்கவில்லை. டென் ஹாக் நகரின் மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் வெர்மீரின் முத்துத் தோட்டுப் பெண் (சுமார் 1665) இந்த வகைதான். ‘அவள் யார்’ என்று இன்றும் துப்பறிந்துகொண்டிருக்கிறவர்கள் படத்திடம் தவறான கேள்வியைக் கேட்கிறார்கள் என்பது என் எண்ணம்.

நமக்கு வேண்டியது வெர்மீரின் டெல்ஃப்ட் நகருக்கும் இன்றைய காபூல் தெருச் சுவருக்கும் சேர்த்துப் பொருந்தும் பொதுச்சொல். டிரோனியைக் காபூல் சுவருக்குக் கொண்டுபோனால் படிப்பவருக்குத் தலை சுற்றும்.

> ‘கற்பனை முகம்’ எளிதாக இருக்கிறதே? அல்லது ‘பாவை’?

கற்பனை என்றால் ஆளே இல்லை என்றாகிவிடும். ரெம்பிராண்ட் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தே டிரோனி செய்திருக்கிறார், அதைக் கற்பனை என்பதா? பாவை அழகான சொல், ஆனால் டிரோனிகளில் நரைத்த தாடிக்காரர்கள் ஏராளம். அவர்களைப் பாவை என்றால் சிரிப்பார்கள்.

என் முன்மொழிவு தொல்காப்பியத்திலிருந்து வருகிறது. அகத்திணையில் வரும் மாந்தரைப் பற்றி ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்கிறது நூற்பா; அதாவது யாரையும் இன்னார் என்று சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது. தலைவி இருக்கிறாள், அவள் அழுகையும் நெற்றியும் வளையும் இருக்கின்றன, பெயர் கிடையாது. பெயர் வந்துவிட்டால் அது புறம். இதைவிடத் துல்லியமான அளவுகோல் நமக்கு எங்கே கிடைக்கும்? ஆகவே குறிப்பிட்ட ஒருவரைக் காட்டுவது சுட்டுமுகம். அப்படிக் காட்டாதது சுட்டா முகம்.

பெயர் எழுதியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நெடுநல்வாடையில் பாண்டியன் பெயர் எங்கும் வராது, ஆனால் வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது. அது பாண்டியர் அடையாளம், அதனால் புறம் என்றார்கள் உரைகாரர்கள். இத்தாலிய ஓவியர் கிர்லாந்தாயோ 1488 என்று ஆண்டு பொறித்து வரைந்த ஜொவான்னா தோர்னபுவோனியின் படத்தைப் பாருங்கள், இப்போது மாட்ரிட்டில் இருக்கிறது. பக்கவாட்டு முகம், நம் கண்ணைப் பார்க்காது. உடையின் தோள்பக்கம் ‘எல்’ என்ற எழுத்து, கணவர் லொரென்ஸோவின் முதலெழுத்து. அந்த ஒரு எழுத்துதான் வேப்பந்தழை. அவளைச் சுட்டுகிறது, ஆனால் அவர் வழியாகச் சுட்டுகிறது. கருவுற்றிருந்த நிலையில் அதே 1488-இல் அவள் இறந்துவிட்டாள். படம் கணவர் வீட்டில் இருந்தது.

> தெரு ஓவியத்துக்கு இந்தப் பாகுபாடு தேவையா? அங்கே எல்லாமே பெயரில்லாத முகங்கள்தானே?

இங்கேதான் நான் மாறுபடுகிறேன். ‘பழைய படத்துப் பெண் வாய்மூடி இருந்தாள், சுவரில் இருப்பவள் பேசுகிறாள்’ என்று நம் வரைவுக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் முடிகின்றன. ஒரு சுட்டுமுகத்தையும் ஒரு சுட்டா முகத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டு, வேறுபாட்டைக் காலத்தின் கணக்கில் எழுதுகிறார்கள்.

காபூலில் ஆப்கன் தெரு ஓவியர் ஷம்சியா ஹசானி வரைந்த பெண்ணுக்கு வாயே கிடையாது. கண்களும் மூடியிருக்கும், கையில் பியானோவோ கிதாரோ இருக்கும். சுவருக்குச் சுவர் அதே பெண். முழுமையான சுட்டா முகம். பேசுகிறாள் என்று அவளைப் பற்றி எப்படி எழுதுவது?

தெரு ஓவியர் பேங்க்ஸி 2014-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் துறைமுகப் பக்கச் சுவரில் வெர்மீரின் பெண்ணையே வரைந்தார். முத்துத் தோட்டுக்குப் பதில் சுவரில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் அலாரப் பெட்டி. 2020-இல் கொரோனா வந்தபோது அவளுக்கு ஒரு முகக்கவசமும் சேர்ந்தது. யாருடையதும் அல்லாத முகம் எதையும் ஏற்கும். ஜொவான்னாவுக்கு அப்படி மாட்டினால் அது ஜொவான்னாவைக் கேலி செய்வதாகிவிடும்.

மறுபக்கம் அமெரிக்க ஓவியர் தத்யானா ஃபஸ்லலிசாதே. 2012-இல் புரூக்ளினில் தொடங்கினார். தெருவில் சீண்டப்பட்ட பெண்களிடம் உட்கார்ந்து பேசி, அவர்கள் முகத்தைப் பென்சிலில் வரைந்து, கீழே ஒரு வாசகம் சேர்த்து, பசை தடவிச் சுவரில் ஒட்டினார். ஒரு தாளில் ‘என் பெயர் பேபி இல்லை’ என்றிருக்கும். சரியான பெயர் என்ன என்று தாள் சொல்லாது. ஆனாலும் இது சுட்டுமுகம்தான் என்பேன், அவளே உட்கார்ந்து கொடுத்த முகம்.

முகங்களைப் படமெடுத்துச் சுவரில் ஒட்டும் பிரெஞ்சுக் கலைஞர் ஜே.ஆர். இன்னும் கடினம். 2008-இல் ரியோவின் ப்ரோவிடென்சியா குன்றில், வீட்டுச் சுவர்களில் அங்குள்ள பெண்களின் கண்களையும் முகங்களையும் பெரிதாக அச்சிட்டு ஒட்டினார். அவ்வாண்டு அங்கே மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள், ஒட்டிய முகங்களில் அவர்களில் ஒருவருடைய பாட்டியும் உண்டு. குன்றில் இருப்பவர்களுக்கு அது யாருடைய கண் என்று தெரியும். கீழே நகரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. ஒரே படம், பார்ப்பவரைப் பொறுத்து வகை மாறுகிறது.

> ‘சுட்ட படம்’ என்றால் திருட்டுப் படம் என்றல்லவா காதில் விழும்!

விழும். சுடு என்பதன் எதிர்மறை சுடா, சுட்டு என்பதன் எதிர்மறைதான் சுட்டா; இலக்கணப்படி குழப்பமில்லை. ஆனால் பேச்சில் ‘சுட்டா’ என்றால் ‘சுட்டால்’தான், அதை மறுக்கவில்லை. பிரிஸ்டல் சுவரைப் பற்றி எழுதும்போது ‘பேங்க்ஸி சுட்ட சுட்டா முகம்’ என்று யாராவது எழுதத்தான் போகிறார்கள். எழுதட்டும், சொல் புழக்கத்துக்கு வந்ததாகக் கொள்வோம். கணினிப் பக்கம் சுட்டி என்ற சொல் ஏற்கெனவே நன்றாக ஓடுகிறது, ஆகவே வேர்ச்சொல் புதிதும் அல்ல. இடைவெளி விட்டு ‘சுட்டா முகம்’ என்றே எழுதலாம்.

சொல்லடைவுக்கு என் பரிந்துரை: நெதர்லாந்து வகையைச் சொல்லும் இடத்தில் டிரோனி, பொதுவாகச் சுட்டா முகம். ஃபஸ்லலிசாதேயின் தாள்களுக்கு ‘சுட்டுமுகம், பெயர் இல்லை’ என்று படக்குறிப்பு எழுதலாம். ஜே.ஆர். படத்துக்கு என்ன குறிப்பு எழுதுவது என்று எனக்கு முடிவு வரவில்லை. ‘ஊரறி முகம்’ என்று மூன்றாவதாக ஒன்று வைத்தால் அதிகமாகிவிடுமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். மோனா லிசாவை எந்தப் பட்டியலில் போடுவது என்ற வழக்கை மட்டும் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

அன்புடன்.