பல நாட்டார் கூடும் பங்கு: சரிப்பட்டதும் சறுக்கியதும் (அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு பகுதிக்கு மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

பங்குப்பேரவை

பிலிப்பீன்ஸ் குடும்பங்கள், காங்கோ மாணவர்கள், ஈராக்கிலிருந்து வந்த கல்தேயர்கள், வியட்நாம் தொழிலாளர்கள் என்று பலரும் ஒரே ஞாயிறு ஒரே பீடத்தைச் சுற்றி நிற்கும் கத்தோலிக்கப் பங்குகள் (ஒரு கோவிலைச் சார்ந்த விசுவாசிகளின் சமூகங்கள்) இன்று எல்லாக் கண்டங்களிலும் இருக்கின்றன. வரவேற்கும் மனம் எல்லாருக்கும் உண்டு. விவரம் தெரியாமல் செய்வதால்தான் வந்தவர்கள் நான்காவது வாரம் வராமல் போகிறார்கள். இப்படிப்பட்ட பங்குகளில் என்ன எதிர்ப்படுகிறது, எது சரிவருகிறது, எது ஏன் கெடுகிறது என்பதைச் செய்முறையோடு எழுதுங்கள். ‘நாம் எல்லாரும் ஒரே குடும்பம்’ என்பதோடு நிறுத்திவிட வேண்டாம்.

வாசகமேடை

பன்மொழித் திருப்பலியிலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலும் கெடுவது அங்கேதான்.

முதல் தவறு, ஒரே வாசகத்தை மூன்று மொழியில் மூன்று முறை படிப்பது. இரண்டாம் முறையே கவனம் போய்விடும், நேரமும் இழுக்கும். முதல் வாசகம் ஒரு மொழி, இரண்டாம் வாசகம் இன்னொரு மொழி, நற்செய்தி பெரும்பாலோர் அறிந்த மொழி என்று பிரித்துவிட்டு, எல்லா வாசகங்களையும் எல்லா மொழிகளிலும் அச்சிட்ட தாளைக் கையில் கொடுங்கள். தாளில் இடப்பக்கம் வாசிக்கப்படும் மொழி, வலப்பக்கம் மற்றவை. எழுத்து பெரிதாக இருக்கட்டும். முதியவர்களுக்குத்தான் மொழிபெயர்ப்பு அதிகம் தேவைப்படும்.

அடுத்தது மன்றாட்டுகள். ஐந்து மன்றாட்டு, ஐந்து மொழி. நல்ல ஏற்பாடு என்று தோன்றும். வியட்நாமிய மொழியில் ஒருவர் படித்து முடிக்கிறார், கோவில் அமைதியாகிவிடுகிறது. எங்கே முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. நாலு பேர் மெதுவாக ‘எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்கிறார்கள். படித்தவர் முகம் வாடிப்போகிறது. இதற்கு வழி எளிது. மன்றாட்டு எந்த மொழியில் இருந்தாலும், ‘ஆண்டவரை மன்றாடுவோம்’ என்ற அழைப்பையும் அதற்கான பதிலையும் ஒரே மொழியில் வையுங்கள். அந்த அழைப்பைப் பாடகர் ஒருவர் பாடிவிட்டால் இன்னும் உறுதி. மன்றாட்டைப் படிப்பவர் அந்த மொழியைப் பேசி வளர்ந்தவராக இருக்க வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிப்பது மரியாதை ஆகாது.

நற்கருணை மன்றாட்டைப் பத்திக்கொரு மொழியாக உடைக்காதீர்கள். அது தொடக்கம் முதல் ‘ஆமென்’ வரை ஒரே செபம். ஒரே மொழியில் ஓடட்டும். ஆண்டவர் கற்பித்த செபத்தை மட்டும் அவரவர் தாய்மொழியில் ஒரே நேரத்தில் சொல்லலாம். அது நன்றாகவே அமையும், ஏனென்றால் நீளம் ஏறக்குறைய ஒன்று, எல்லாருக்கும் மனப்பாடம். விசுவாச அறிக்கையில் அது நடக்காது. நீளமும் வேகமும் மாறி இரைச்சலில் முடியும்.

மறையுரையை மொழிபெயர்ப்பாளரை வைத்து வாக்கியம் வாக்கியமாகச் சொன்னால் நேரம் இரட்டிப்பாகும். எட்டு நிமிட மறையுரை, அதன் சுருக்கம் தாளில் மற்ற மொழிகளில் என்பது போதும்.

பாடகர்குழு

மேலே சொன்னதோடு ஒன்று. திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை 41ஆம் எண், பல நாட்டு விசுவாசிகள் அடிக்கடி ஒன்றுகூடுவதால் திருப்பலியின் மாறாத பகுதிகளில் சிலவற்றையாவது இலத்தீனில் சேர்ந்து பாடத் தெரிந்திருப்பது தகும் என்கிறது. விசுவாச அறிக்கையையும் ஆண்டவரின் செபத்தையும் குறிப்பிட்டே சொல்கிறது. இதற்காகவே திருத்தந்தை ஆறாம் பவுல் 1974இல் ‘யூபிலாத்தே தேயோ’ என்ற சிறிய பாடல் தொகுப்பை வெளியிட்டார். அதிலிருந்து ‘சாங்துஸ்’ (தூயவர்), ‘ஆக்னுஸ் தேயி’ (இறைவனின் செம்மறி) இரண்டையும் முதலில் எடுங்கள். ஏற்ற இறக்கம் குறைவு, குழந்தைகளும் பிடித்துக்கொள்வார்கள். ‘க்ரேதோ’வுக்கு (விசுவாச அறிக்கை) பல மாதங்கள் ஆகும்; அவசரப்படுத்த வேண்டாம்.

நாட்டுக்கொரு குழு ஏறி இறங்குவதை விட்டுவிட்டு, விழாவுக்கு ஒரே கூட்டுக்குழு அமையுங்கள். மாறி மாறிப் பாடினால் ஒரு குழு பாடும்போது மற்ற இரண்டு குழுக்களும் அடுத்த பாட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்.

பதிவேடு

திருவழிபாட்டில் ஏற்படும் பிழை அன்றோடு போய்விடும். பதிவேட்டில் ஏற்படும் பிழை இருபது வருடம் கழித்துத் திருமணத்தில் வந்து நிற்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கத்தோலிக்கத் திருச்சபை என்பது இலத்தீன் திருச்சபை மட்டும் அல்ல. அதோடு திருத்தந்தையுடன் முழு ஒன்றிப்பில் உள்ள 23 கிழக்கத்திய திருச்சபைகளும் சேர்ந்ததுதான் கத்தோலிக்கம். சீரோ மலபார், சீரோ மலங்கரா, மரோனைட், கல்தேய, மெல்கைட், உக்ரைன் கிரேக்கக் கத்தோலிக்கம், எத்தியோப்பிய, எரித்ரேய, கோப்திக், அர்மேனியத் திருச்சபைகள் எல்லாம் இதில் அடங்கும். இவர்களுக்கு 1990இல் வெளியான தனிச் சட்டத்தொகுப்பு உண்டு.

அடிக்கடி எதிர்ப்படும் மூன்று சூழல்கள்:

ஒன்று. கிழக்கத்திய குடும்பத்தின் குழந்தை இலத்தீன் பங்கில் திருமுழுக்குப் பெறுகிறது. எழுத்தர் வழக்கம்போல் எழுதிவிடுகிறார். திருமுழுக்கு எந்தக் கோவிலில் நடந்தது என்பதை வைத்துக் குழந்தை எந்தத் திருச்சபையைச் சேர்ந்தது என்று முடிவு செய்யக் கூடாது; பெற்றோரை வைத்தே அது தீரும். இரண்டு பேரும் கிழக்கத்தியர் என்றால் இலத்தீன் கோவிலில் முழுக்கு நடந்தாலும் குழந்தை கிழக்கத்தியமே. எந்தத் திருச்சபை என்பதைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று இலத்தீன் திருச்சபையின் சட்டத்தொகுப்பில் செய்த 2016ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாகவே சொல்லிவிட்டது. முப்பது வருடம் இலத்தீன் கோவிலுக்கே போனாலும் ஒருவர் தானாக இலத்தீன் ஆகிவிடுவதில்லை. அதே இலத்தீன் தொகுப்பின் சட்டம் 112 அதையும் சொல்கிறது (கீழே வரும் சட்ட எண்களும் அந்தத் தொகுப்பினுடையவையே). மாறுவதற்கு முறைப்படி அனுமதி வேண்டும். திருமணத்தை ஒட்டி மாறுவோருக்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது.

இரண்டு. உறுதிப்பூசுதல். பல கிழக்கத்திய திருச்சபைகளில் திருமுழுக்கின்போதே குழந்தைக்கு உறுதிப்பூசுதலும் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பிள்ளை பன்னிரண்டு வயதில் மறைக்கல்வி வகுப்பில் மற்றவர்களோடு வரிசையில் நிற்கும். உறுதிப்பூசுதல் திரும்பக் கொடுக்கக் கூடாத அருளடையாளம். வகுப்பில் சேர்க்கும்போதே திருமுழுக்குச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். பெற்றோரிடம் ‘ஆயிற்றா?’ என்று கேட்டால் போதாது. முழுக்கின்போது நடந்ததைப் பலர் தனி அருளடையாளமாக நினைவில் வைத்திருப்பதில்லை.

மூன்று, மிகவும் கவனம் தேவைப்படுவது, திருமணம். இலத்தீன் திருச்சபையில் திருத்தொண்டர் (குருவுக்கு அடுத்த நிலைத் திருப்பணியாளர்) திருமணம் நடத்தி வைக்கலாம். மணமக்களில் ஒருவர் கிழக்கத்தியர் என்றால் முடியாது. குருவின் ஆசீர் இல்லாமல் அந்தத் திருமணம் செல்லாது (சட்டம் 1108, மூன்றாம் பத்தி). மணமக்கள் இருவருமே கிழக்கத்தியர், அவர்களுக்கென ஆயரும் பங்கும் அங்கே இருக்கிறது என்றால், இலத்தீன் பங்குத்தந்தை தன் அதிகாரத்தில் மட்டும் நடத்தக் கூடாது. அவர்கள் தரப்பிலிருந்து அதிகாரம் பெற வேண்டும். மண்டபம் பதிவு செய்வதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

தென்றல்

இலத்தீன் ஆட்கள் கிழக்கத்திய வழிபாட்டுக்குப் போனால் ஞாயிறு கடமை நிறைவேறுமா? நற்கருணை வாங்கலாமா?

கிழக்குவாசல்

இரண்டுக்கும் ஆம். சட்டம் 1248, 923 இரண்டையும் பாருங்கள். எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையிலும் பங்குகொள்ளலாம்.

பைசாந்திய முறைக் கோவிலுக்கு (மெல்கைட், உக்ரைன் கிரேக்கக் கத்தோலிக்கம் போன்றவை பின்பற்றும் வழிபாட்டு முறை) போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை: புளித்த அப்பம். இரசத்தில் நனைந்த துண்டைப் பல இடங்களில் சிறிய கரண்டியால் வாயில் இடுவார்கள். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து வாயை நன்றாகத் திறந்து நில்லுங்கள். நாக்கை நீட்டவோ, கரண்டியின்மேல் உதட்டை மூடவோ வேண்டாம். கையை நீட்டினால் குரு தடுமாறுவார். சிலுவை அடையாளம் வலத்தோளிலிருந்து இடத்தோளுக்குப் போகும். ஞாயிறு முழங்கால் படியிடாமல் நின்றே செபிப்பது அவர்களுடைய பழைய மரபு. அதை பக்திக் குறைவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தவக்காலம் அவர்களுக்குத் திங்களன்றே தொடங்கிவிடும், திருநீற்றுப் புதன் கிடையாது. ஆகவே சாம்பல் பூச வராத பைசாந்தியக் குடும்பத்தைக் குறை சொல்லாதீர்கள்.

திருநாள்

திருநாள் விஷயத்தில் பெரும்பாலான உரசல் நாள்காட்டியால் வருகிறது. பிலிப்பீன்ஸ் மக்களின் ‘சிம்பாங் கபி’ டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடியற்காலைத் திருப்பலி. வேலைக்குப் போகும் புலம்பெயர்ந்தோர் பல இடங்களில் இதை 15 முதல் 23 வரை மாலையில் வைக்கிறார்கள். 17ஆம் தேதி முதல் திருவருகைக் காலத்துக்கே (கிறிஸ்துமசுக்கு முந்தைய தயாரிப்புக் காலம்) உரிய திருப்பலிகள் வந்துவிடுகின்றன. செபங்கள் அந்த நாளுக்குரியவை, நட்சத்திர விளக்கும் பாடலும் அவர்களுடையவை என்று பிரித்துக்கொண்டால் சண்டை இல்லை. வெள்ளை உடை வேண்டுமென்றால் ஆயரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

மெக்சிகோ மக்களின் குவாதலூப்பே அன்னை விழா டிசம்பர் 12. 2027இல் அது ஞாயிறு. திருவருகைக் கால ஞாயிறே முன்னிற்கும் என்பதால் விடியற்காலைப் பாடல் வணக்கத்தையும் பவனியையும் திருப்பலிக்கு வெளியே வையுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால் மனம் புண்படும். அக்டோபரிலேயே உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

தனி அனுமதி எதுவும் தேவைப்படாத வழி ஒன்று இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. பொது நாள்காட்டியிலேயே ஜப்பான் மறைசாட்சிகள் (பிப்ரவரி 6), உகாண்டா மறைசாட்சிகள் (ஜூன் 3), சீன மறைசாட்சிகள் (ஜூலை 9), கொரியர்கள் (செப்டம்பர் 20), பிலிப்பீன்ஸின் லொரென்சோ ரூயிசும் தோழர்களும் (செப்டம்பர் 28), வியட்நாமியர் (நவம்பர் 24) எல்லாரும் இருக்கிறார்கள். அந்த நாளின் வாசகரும் காணிக்கை கொண்டு வருபவர்களும் அந்த மக்களாக இருக்கட்டும்.

காங்கோ மக்கள் இருந்தால் 1988இல் ரோமை ஏற்பளித்த சயீர் (காங்கோவின் அன்றைய பெயர்) திருப்பலி முறை பற்றிப் பேச்சு வரும். அதில் தொடக்கத்தில் புனிதரோடு நேர்மையாக வாழ்ந்த முன்னோரையும் அழைக்கிறார்கள். மனவருத்த வழிபாடு மறையுரைக்கும் விசுவாச அறிக்கைக்கும் பின்பு வருகிறது, சமாதான வாழ்த்து அதைத் தொடர்கிறது. அது அந்நாட்டு மறைமாவட்டங்களுக்கான திருப்பலி நூல். வேறு நாட்டுப் பங்கில் அதிலிருந்து இரண்டு துண்டை வெட்டி ஒட்டுவது முறையல்ல. பாட்டு, தாளம், காணிக்கைப் பவனியின் நடை ஆகியவற்றில் அவர்களுக்குத் தாராளமாக இடம் கொடுக்கலாம்.

பங்குப்பேரவை

எல்லாருக்கும் நன்றி. ஒரு வரலாற்று உண்மையைச் சேர்க்கிறேன், ஏனென்றால் இது வெறும் நிர்வாகப் பேச்சு இல்லை. 1889இல் அமெரிக்காவின் மினியாபொலிசுக்கு வந்த கிரேக்கக் கத்தோலிக்கக் குரு அலெக்சிஸ் தோத் மனைவியை இழந்தவர். திருமணமானவர் குருவாவது அவருடைய திருச்சபையில் முறையானதே. அங்கிருந்த பேராயர் ஜான் அயர்லாந்து அவரை ஏற்க மறுத்தார். 1891இல் தோத்தும் அவருடைய பங்கு மக்களும் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்குப் போனார்கள். அவரைத் தொடர்ந்து இன்னும் பல ஆயிரம் பேர். அதே நாட்டில் போலந்துக் குடியேறிகளில் ஒரு பகுதியினர் 1897இல் ஸ்கிராண்டனில் பிரிந்து தனித் திருச்சபை கண்டார்கள். கோவில் சொத்து யார் கையில், குருவை யார் தீர்மானிப்பது என்பதுதான் அங்கே சண்டை. இரண்டு இடத்திலும் நம்பிக்கைக் கோட்பாட்டில் தகராறு எழவில்லை.

ஆகவே பேரவைகளுக்கு ஒரு வேண்டுகோள். விழாவுக்கு உணவும் உடையும் நடனமும் கேட்டு ஒரு சமூகத்திடம் போவதற்கு முன்பு, நிதிக்குழுவில் அவர்களில் ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். நிதிக்குழு எல்லாப் பங்குக்கும் சட்டம் 537இன்படி கட்டாயம், அதனால் புதிதாக எதையும் அமைக்க வேண்டியதில்லை. கூட்ட அறிவிப்பை அவர்கள் மொழியிலும் அனுப்புங்கள், இரவுப்பணி செய்பவர்கள் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். அடுத்த உறுப்பினர் தேர்வு வரும்போது அந்தச் சமூகம் தானே பெயர் கொடுக்கட்டும். நமக்கு வசதியான, நம் மொழி நன்றாகப் பேசுகிற ஒருவரை நாமே பொறுக்கி எடுத்தால், அவர் சொல்வதை அவருடைய மக்களே ஏற்க மாட்டார்கள்.