அந்த எட்டாயிரம் டாலர்: ஒரு பழைய படமும் எங்கள் வீட்டு அப்பாக்களும்

'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' என்று சொன்னாலே எல்லோரும் தேவதையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்தத் தேவதை மேல் பெரிய அபிப்பிராயம் இல்லை. முதல்முறை பார்த்தபோது தேவதை வருவதற்கு முன்பே எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். ஏன் என்று சொல்லிவிட்டு, உங்களுக்கும் அப்படி ஏதாவது நடந்திருக்கிறதா என்று கேட்கத்தான் இந்த இழை.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 1946-இல் ஃபிராங்க் காப்ரா எடுத்த படம். பெட்ஃபோர்டு ஃபால்ஸ் என்ற சின்ன ஊரில் ஜார்ஜ் பெய்லி, அப்பா விட்டுப்போன வீட்டுக்கடன் சங்கத்தை நடத்துகிறார். ஜேம்ஸ் ஸ்டூவர்ட்தான் ஜார்ஜ். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவருடைய சித்தப்பா பில்லி எட்டாயிரம் டாலர் ரொக்கத்தை வங்கியில் கட்டப் போகிறார். அங்கே ஊர்ப் பணக்காரர் பாட்டரைப் பார்த்ததும், போரில் பதக்கம் வாங்கிய அண்ணன் மகனைப் பற்றிச் செய்தித்தாளைக் காட்டிக் கொஞ்சம் குத்திப் பேசுகிறார். அந்தப் பெருமையில் பண உறையைச் செய்தித்தாளோடு சேர்த்து மடித்து பாட்டர் கையிலேயே கொடுத்துவிடுகிறார். பாட்டர் அதைத் திருப்பித் தரவில்லை. அன்றைக்கென்று பார்த்துக் கணக்குப் பார்க்கும் அரசு அதிகாரி வேறு அலுவலகத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் உயிரை விடப் பாலத்துக்குப் போகும் ஜார்ஜைத் தடுக்கத்தான் அந்தத் தேவதை வருகிறது.

என் அப்பா ஒரு கூட்டுறவு சங்கத்தில் காசாளர். நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது கையிருப்பு குறைகிறது என்று அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். எவ்வளவு குறைந்தது என்று சொல்லப்போவதில்லை. இன்றைக்குக் கேட்டால் சிரிப்பீர்கள், அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. பதினொரு மாதம் கழித்து அது பதிவு செய்ததில் வந்த பிழை என்று தெரிந்தது. வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை.

படத்தில் ஜார்ஜ் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார். ஒரு பெண் பியானோவில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருக்கிறாள். ஒரு பையன் ஏதோ எழுதிக்கொண்டே எழுத்துக்கூட்டல் கேட்கிறான். கடைக்குட்டிப் பெண் மாடியில் ஜலதோஷத்தோடு படுத்திருக்கிறாள். அவளைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டதாக அவளுடைய டீச்சரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்துகிறார். அப்புறம், என்றோ கட்டுவோம் என்று ஆசையாகச் செய்து வைத்திருந்த பாலம், கட்டட மாதிரிகளை எட்டி உதைத்து உடைக்கிறார். வீடே அப்படியே நிற்கிறது. ஜார்ஜ் மன்னிப்புக் கேட்டுவிட்டு மகளைப் பார்த்து "வாசியேன், வாசி" என்கிறார். அவளால் வாசிக்க முடியவில்லை, அழுகிறாள்.

எங்கள் வீட்டில் உடைந்தது ரேடியோ. அப்பா அதை எறியவில்லை, அணைக்கப்போனார், அது கீழே விழுந்தது என்றுதான் இன்றைக்கும் அம்மா சொல்வாள். நான் மொட்டைமாடிக்குப் போனது அந்த இடத்தில்தான்.

இரண்டாம் முறை முழுதாகப் பார்த்தபோது வேறொன்று பிடிபட்டது. பணம் தொலைந்தது தெரிந்ததும் ஜார்ஜ் சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்குகிறார். நம்மில் ஒருவர் ஜெயிலுக்குப் போகப்போகிறோம், அது நானாக இருக்க மாட்டேன் என்று கத்துகிறார். கொஞ்ச நேரத்தில் கடன் கேட்டு பாட்டர் முன்னால் போய் நிற்கும்போது வாயில் வருவது என்ன தெரியுமா? நான் தொலைத்துவிட்டேன் என்கிறார். சித்தப்பா பெயர் வரவே இல்லை. பணத்தை மேஜைக்குள் வைத்துக்கொண்டிருக்கும் ஆளிடமே போய் "நான்" என்று சொல்கிறார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உங்களுக்கு?

* * *

நான் இருபது வருடமாக ஆடிட் வேலையில் இருக்கிறேன். இந்தப் படத்தை நிம்மதியாகப் பார்க்க என்னால் முடிவதே இல்லை.

மறதிக்குப் பெயர்போன மனிதர் பில்லி. ஞாபகம் வைத்துக்கொள்ள விரலில் நூல் கட்டிக்கொண்டு திரிகிறார். அவர் கையில் தனியாக எட்டாயிரம் டாலர் ரொக்கம்! 1945-இல் எட்டாயிரம் என்றால் இன்றைய மதிப்பில் ஒரு லட்சம் டாலருக்கு மேல். கூட ஒரு ஆள் இல்லை. அதுவும் போய்க் கட்டுவது எதிராளியின் வங்கியில். நான் போயிருந்தால் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதியிருப்பேன்.

ஆனால் நீங்கள் கொண்டாடும் அந்த "நான்" விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. கைக்குறைவு வரும்போது பொறுப்பான ஆட்கள் செய்யும் பெரிய தவறே அதுதான். யாரையாவது காப்பாற்றுவதாக நினைத்துப் பழியைத் தன் மேல் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். அதோடு விசாரணை படுத்துவிடும். பணம் கடைசியாக யார் கையில், எந்த இடத்தில் இருந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள், இவர் என்ன செய்தார் என்றுதான் கேட்பார்கள். பாட்டர் கேட்பதைக் கவனியுங்கள். பங்குச்சந்தையில் விட்டாயா, ஊரில் உன்னையும் இன்னொரு பெண்ணையும் சேர்த்துப் பேசுகிறார்களே என்றுதான் போகிறது பேச்சு. உடனே சங்கத்தின் பங்குதாரர் என்ற முறையில் கையாடல் வழக்குப் போடுவேன் என்கிறார். மாட்டிக்கொண்ட மனிதரை நோக்கி முதலில் வரும் கேள்விகள் எப்போதும் பணத்தைப் பற்றி இருக்காது. இதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். அப்படிக் கேட்டவர்களில் ஒருவனாக நானே இருந்ததும் உண்டு.

சரி, படத்தில் எனக்குப் பிடித்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பொருளாதார மந்தத்தின்போது பயந்துபோய் எல்லோரும் பணத்தைத் திரும்பக் கேட்டு சங்கத்துக்கு ஓடிவருவார்கள். உங்கள் பணம் இங்கே பெட்டிக்குள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய வீட்டில் இருக்கிறது என்று ஜார்ஜ் விளக்குவார். இந்த வகைச் சங்கம் எப்படி ஓடுகிறது என்பதை நான் ஒரு வகுப்பு எடுத்தாலும் அவ்வளவு தெளிவாகச் சொல்ல மாட்டேன். தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரைக் கல்லாவில் கொட்டி ஆளாளுக்குக் கொடுப்பார்கள். ஒருவர் கணக்கில் இருக்கும் 242 டாலரும் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பார். இன்னொரு அம்மா 17 டாலர் 50 சென்ட் போதும் என்பார். கதவை மூடும்போது மிச்சம் இரண்டே டாலர். அந்த 17.50-க்கு ஜார்ஜ் அந்த அம்மாவுக்கு ஒரு முத்தம் கொடுப்பார். நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

* * *

எனக்குப் படம் பிடிக்கவில்லை. பணத்தை எடுத்தவன் கடைசிவரை மாட்டவே இல்லை. என்ன நியாயம் இது? எங்கள் வீட்டில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் "பாட்டர் என்ன ஆனான், பாட்டர் என்ன ஆனான்" என்று கேட்டுத் திட்டு வாங்கினேன். அவ்வளவுதான் என் அனுபவம்.

* * *

மேலே எழுதியவருக்கு: தம்பி, அது மாட்டாமல் போவதுதான் எனக்கு உண்மையாகப் படுகிறது. எங்கள் வீட்டு விஷயத்திலும் யாரும் மாட்டவில்லை.

நான் சொல்ல வந்தது ஜார்ஜின் மனைவி மேரியைப் பற்றி. இத்தனை பேர் எழுதியும் அவள் பெயர் வரவில்லை, பாருங்கள்.

என் கணவர் வேலை பார்த்த இடத்தில் ஒரு கணக்குச் சிக்கல் வந்தது. மூன்று மாதம் எனக்குத் தெரியாது. தினமும் அதே நேரத்துக்குக் கிளம்பி, அதே நேரத்துக்குத் திரும்பி வருவார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று ஒரு நாள் தட்டைத் தள்ளினார். அதுவரை ஒரு நாளும் அப்படிச் செய்தவர் இல்லை. நான் உப்பைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

மேரியும் அப்படித்தான் நிற்கிறாள். என்ன ஆயிற்று என்று கேட்கிறாள், பதில் இல்லை. அவர் கிளம்பிப் போனதும் பிள்ளைகள் சுற்றி நின்று, அப்பாவுக்குக் கஷ்டமா, நாங்கள் ஜெபம் செய்யட்டுமா என்று கேட்கிறார்கள். செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் நேராகத் தொலைபேசியை எடுக்கிறாள். அந்த ஒரு நொடி போதும் எனக்கு. ஜெபத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுத் தான் செய்ய வேண்டியதைத் தொடங்கிவிட்டாள். பில்லியைக் கூப்பிட்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டு, ஜார்ஜ் சிக்கலில் இருக்கிறார் என்று நாலு பேரிடம் சொல்கிறாள். அந்த நாலு பேர் ஊரெல்லாம் ஓடிப் பணம் சேர்க்கிறார்கள். தேவதை அந்த நேரத்தில் ஜார்ஜோடு பனியில் அலைந்துகொண்டிருக்கிறது. பணத்தைக் கொண்டுவந்தது மேரி.

பாட்டர் என்ன சொல்லி அனுப்பினார், ஞாபகம் இருக்கிறதா? நீ தலையில் தூக்கிவைத்து ஆடும் அந்த ஜனங்களிடமே போய்க் கேளேன், அடித்து விரட்டுவார்கள் என்றார். ஜார்ஜ் கடைசிவரை போய்க் கேட்கவே இல்லை. பதினைந்தாயிரம் டாலர் இன்சூரன்ஸ் பத்திரத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பாலத்துக்குத்தான் போனார். உயிரோடு இருப்பதைவிடச் செத்தால் உனக்கு மதிப்பு அதிகம் என்று பாட்டர் சொன்னது மட்டும் அவர் காதில் நன்றாக விழுந்திருக்கிறது. மேரி கேட்டாள். வெட்கப்படாமல் கேட்டாள்.

எனக்கு விஷயம் தெரிந்த அன்று நான் செய்ததும் அதுதான். முதலில் என் அக்காவைக் கூப்பிட்டேன். அப்புறம் என் கணவரோடு பேசாமல் இருந்த என் நாத்தனாரை. பணம் நாத்தனாரிடமிருந்துதான் வந்தது.

* * *

நான் நியூயார்க் மாநிலத்தில் இருக்கிறேன். இங்கே செனகா ஃபால்ஸ் என்று ஓர் ஊர். படத்தில் வரும் ஊருக்கு நாங்கள்தான் மாதிரி என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள், ஒரு சின்ன அருங்காட்சியகமும் வைத்திருக்கிறார்கள். காப்ரா இங்கே வந்து முடி வெட்டிக்கொண்டார் என்பது அவர்களுடைய கதை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் அங்கே ஒரு இரும்புப் பாலம் இருக்கிறது. 1917-இல் தண்ணீரில் விழுந்த ஒரு பெண்ணைக் காப்பாற்றக் குதித்து உயிரை விட்ட ஒரு இளைஞருக்கு அதில் நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். படத்தில் தண்ணீரில் குதித்தவரைக் காப்பாற்ற ஜார்ஜ் குதிப்பார் இல்லையா, அந்தப் பலகையைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. செம குளிர். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால் படத்தை எடுத்தது கலிஃபோர்னியாவில், 1946 கோடையில், நல்ல வெயிலில். பனி எல்லாம் தீயணைக்கும் நுரையையும் சோப்பையும் கலந்து செய்தது. அதற்கு முன்னால் சாயம் பூசிய கார்ன்ஃப்ளேக்ஸைத்தான் பனியாகக் கொட்டுவார்களாம், நடந்தால் நொறுங்கும் சத்தம் வசனத்தைக் கெடுத்துவிடும். ஸ்டூவர்ட் அப்போதுதான் போரிலிருந்து திரும்பியிருந்தார், குண்டுவீச்சு விமானத்தின் விமானியாக இருபது முறை பறந்தவர். மதுக்கடையில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்யும் இடத்தில் அவர் நிஜமாகவே அழுதார் என்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் காட்சியை நான் தள்ளி ஓட்டுவதில்லை.

இன்னொன்று. படம் வந்தபோது போட்ட பணத்தையே எடுக்கவில்லை. 1974-இல் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் எல்லாத் தொலைக்காட்சிகளும் செலவில்லாமல் போட்டுத் தள்ளின. நாம் பார்த்ததே அப்படித்தான். யாரோ ஒரு பில்லி எங்கேயோ ஒரு தாளைத் தொலைத்ததால்!

* * *

இழையை ஆரம்பித்தவன் மறுபடியும்.

ஆடிட்டர் சார், நீங்கள் சொன்னதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் அப்பாவும் அன்றைக்கு "என் பொறுப்பில் இருந்த ரொக்கம்" என்றுதான் எழுதிக் கொடுத்தார். பதிவில் பிழை செய்தவர் வேறொருவர் என்பது எங்களுக்கே பிற்பாடுதான் தெரியும். யார் என்று அப்பா இன்றுவரை சொல்லவில்லை. அது பெருந்தன்மையா, நீங்கள் சொன்ன தவறா என்று எனக்கு இப்போது குழப்பமாக இருக்கிறது. பதினொரு மாதம் இழுத்தது அதனால்தானோ என்னவோ.

அக்கா, அம்மாவிடம் உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். "உப்பு" வந்த இடத்தில் என்னை நிறுத்தச் சொன்னாள்.

சென்ற வருடம் அப்பாவை உட்காரவைத்து இந்தப் படத்தைப் போட்டேன். அந்த வீட்டுக் காட்சியில் அவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒன்றும் தெரியவில்லை. தேவதை வந்ததும் தூங்கிவிட்டார். கடைசியில் மேஜை மேல் காசும் நோட்டுமாகக் குவியும்போது, அந்தக் கணக்கு அதிகாரியே பணம் போட்டு, ஷெரிஃப் கைது உத்தரவைக் கிழிக்கும்போது, சத்தத்தில் விழித்துக்கொண்டார். எல்லோரும் பாடுகிறார்கள், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் குவியலை உற்றுப் பார்த்தார்.

"இத்தனை பேர் குடுக்கறாங்களே, ஒருத்தருக்காவது ரசீது போட்டாங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.