ஜனவரியில் தனிக் கண்காட்சி, 22 ஆயில் ஓவியங்கள்: மழைக்காலத்துக்குள் காயுமா?

கேன்வாஸ்_மயிலை

வணக்கம். ஜனவரி கடைசி வாரம் சென்னையில் தனிக் கண்காட்சி வைக்கத் திட்டம். தினமும் நடந்து போகிற வழியில் கண்ணில் படுவதுதான் பொருள்: மயிலாப்பூர் குளக்கரை, காசிமேட்டுப் படகுகள், பூக்கடை, விடிகாலைக் கோலம். மொத்தம் 22 படம். 48 அங்குல அகலத்தில் 4, 36 அங்குலத்தில் 8, 24 அங்குலத்தில் 10. சித்திரை பிறந்துவிட்டது, இதுவரை முடிந்தது 5 மட்டும். பார்த்து வைத்திருக்கும் அரங்கில் சுவர் 80 அடி நீளம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆயில் கலர் காயுமா? வார்னிஷ் எப்போது அடிப்பது? முடித்த படங்களில் கறுப்பும் பழுப்பும் உள்ள இடங்கள் சாம்பல் பூத்த மாதிரி மங்கி நிற்கின்றன, அதற்கு என்ன செய்யலாம்? இன்னொன்று, ஒரே தெருவைத் திரும்பத் திரும்ப வரையும்போது எல்லாப் படமும் ஒரே படம் மாதிரி ஆகிவிடுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆளிவிதை

சித்திரையிலேயே கேட்டது நல்லதாகப் போயிற்று. ஆயில் கலர் தண்ணீர்க் கலர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் (லின்சீட்) காற்றின் ஆக்சிஜனை இழுத்துக் கெட்டியாகிறது. அதற்கு வேண்டியது சூடு, வெளிச்சம், காற்றோட்டம். சித்திரை, வைகாசியில் மூன்றும் தாராளமாகக் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் மூன்றும் குறைந்து ஈரம்தான் ஏறும். காயவே காயாது என்றில்லை, நாள் கூடும்.

அதனால் 48 அங்குலப் படங்களையும் கலரைத் தடிமனாக வைக்கப் போகிற படங்களையும் இப்போதே ஆரம்பித்து ஆடிக்குள் முடித்துவிடுங்கள். ஆவணி, புரட்டாசிக்கு 24 அங்குலத்தை மெல்லிய பூச்சோடு வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 30-க்கு அப்புறம் புதுக் கேன்வாஸைத் தொடாதீர்கள், சின்னத் திருத்தத்தோடு நிறுத்துங்கள்.

எல்லா நிறமும் ஒரே வேகத்தில் காயாது. ரா அம்பர், பர்ன்ட் அம்பர் இரண்டிலும் மாங்கனீசு இருப்பதால் ஓரிரு நாளில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிடும். டைட்டானியம் வெள்ளை, கேட்மியம் சிவப்பு, அலிசரின், ஐவரி பிளாக் எல்லாம் ஒரு வாரம் எடுக்கும், தடிமனாக வைத்தால் அதற்கும் மேல். இதில் பலரும் விழுகிற குழி: ஐவரி பிளாக்கால் நிழலை நிரப்பி, அது ஆறுமுன் மேலே அம்பர் பூசுவது. மேல்தோல் முதலில் இறுகிவிடும், அடி இன்னும் அசைந்துகொண்டிருக்கும், மேலே வெடிப்பு விடும். கறுப்பு வேண்டிய இடத்தில் அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் அம்பரும் கலந்து போடுங்கள். சீக்கிரம் காயும், ஆழமும் நன்றாக வரும்.

மெலிந்தது கீழே, கொழுத்தது மேலே, அதாவது எண்ணெய் குறைந்த பூச்சு அடியில், கூடினது மேலே. முதல் பூச்சு கொஞ்சம் டர்பன்டைன் கலந்து. அடுத்தது டியூபில் வருகிறபடியே. மேல் பூச்சுக்குத்தான் டர்பன்டைன் 2 பங்கு, லின்சீட் 1 பங்கு சேர்த்த மீடியம், அதுவும் சொட்டுக் கணக்கில். வேகம் வேண்டுமானால் ஆல்கைட் மீடியம் சேர்க்கலாம், கலரில் நாலில் ஒரு பங்கு போதும். பெயின்ட் கடையில் கதவு, ஜன்னலுக்கு விற்கிற டபுள் பாயில்டு லின்சீட் வேண்டவே வேண்டாம். சீக்கிரம் காயும், ஆனால் சுருங்கிக் கறுக்கும். மண்ணெண்ணெயும் அப்படித்தான், பிசுக்கை விட்டுவிட்டுப் போகும்.

சாம்பல் பூத்த இடம்: கேன்வாஸில் முதலில் பூசும் அடிப்பூச்சான ஜெஸ்ஸோ அதிகமாக எண்ணெயை உறிஞ்சினாலோ டர்பன்டைன் கூடினாலோ இப்படி ஆகும். தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும், மேலே சொன்ன மீடியத்தைச் சுத்தமான துணியில் ஒரு துளி எடுத்து மங்கின இடத்தில் மட்டும் தேய்த்து, 10 நிமிஷம் விட்டு, மிச்சத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள். ஈரமாகத் தெரியக் கூடாது. அடுத்த கேன்வாஸில் ஜெஸ்ஸோவை 3 பூச்சு போட்டு மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, 3 நாள் ஆறவிட்டு ஆரம்பியுங்கள்.

முடிந்த படத்தைப் பீரோவுக்குப் பின்னால் திருப்பி வைக்காதீர்கள். இருட்டில் லின்சீட் மஞ்சளடிக்கும், வெள்ளைப் பகுதிதான் முதலில் காட்டிக்கொடுக்கும். நேர் வெயில் படாத ஜன்னல் பக்கம் சில வாரம் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால், எண்ணெய் காயும்போது எழும் சூடு உள்ளேயே தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

கீழைக்காற்று

கலர் காய்வதைப் பற்றி மேலே எல்லாம் வந்துவிட்டது. நான் பொருளைப் பற்றி மட்டும்.

ஒரே தெரு ஒரே படமாக ஆவதற்குக் காரணம் தெரு இல்லை, நேரம். நீங்கள் தினமும் ஒரே நேரத்தில் நடக்கிறீர்கள். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். நிழல் காலடியில் ஒடுங்கிவிடும், சுவர்கள் தட்டையாகும், தள்ளுவண்டிக் குடைக்குக் கீழே மட்டும் கருநீல இருட்டு. மார்கழியில் அதே உச்சிக்குச் சூரியன் தெற்கே சாய்ந்து 53 டிகிரி உயரம்தான் ஏறும். தெருவுக்குக் குறுக்கே நிழல் விழும், அதே சுவரில் ஜன்னல் கம்பியின் கோடு தெரியும். இந்த இரண்டும் இரண்டு படம்.

மயிலாப்பூர் குளம் கோயிலுக்கு மேற்கே இருக்கிறது. மேல்கரையில் நின்றால் காலையில் கோபுரம் வெளிச்சத்துக்கு முன்னால் வெறும் கரிய உருவம், அதன் பிம்பம் தண்ணீரில் இன்னும் கொஞ்சம் வெளுத்து நிற்கும். சாயங்காலம் 4:30-க்கு மேல் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து விழும், சுதை உருவங்களின் நிறம் ஒவ்வொன்றாக எழும். காலைப் படத்துக்கு 3 டியூப் போதும். சாயங்காலத்துக்கு 7 வேண்டியிருக்கும்.

காசிமேட்டுக்கு இப்போதே போங்கள், தள்ளிப்போடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நெருக்கியடித்து நிற்கும், பழுது பார்ப்பதும் பெயின்ட் அடிப்பதும் நடக்கும். வருஷத்தில் மற்ற நாளில் இவ்வளவு நேரம் அசையாமல் நிற்காது. படகின் பக்கப்பலகையைக் கிட்டே போய்ப் பாருங்கள்: மேலே புது நீலம், உரிந்த இடத்தில் போன வருஷத்துப் பச்சை, அதற்கடியில் சிவப்பு, எல்லாவற்றுக்கும் கீழே சாம்பல் நிறப் பிரைமர். இதை ஒரே பிரஷ்ஷில் வரைய முடியாது. அடிச்சிவப்பை முதலில் போட்டுக் காயவிட்டு, மேலே பச்சை, பிறகு நீலம், ஈரமாக இருக்கும்போதே பேலட் நைஃபின் ஓரத்தால் சுரண்டி அடிநிறத்தைக் காட்டுங்கள். வேலை செய்பவர்களை வரையுமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஃபோனை நீட்டுவதைவிட நோட்டை விரித்து உட்கார்ந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

கோலத்தை வெள்ளையில் ஆரம்பிக்காதீர்கள். சூரியன் வருமுன், தெளித்த ஈரச் சிமெண்டு மேல் அரிசிமாவு நீலச் சாம்பலாகத்தான் இருக்கும். டைட்டானியம் வெள்ளையோடு கொஞ்சம் அல்ட்ராமரினும் ஒரு பொட்டு பர்ன்ட் அம்பரும் சேர்த்தால் அது வரும். தண்ணீர் வெளியோரத்திலிருந்து காய்ந்துகொண்டே உள்ளே வரும், அந்த ஓரக்கோடுதான் மணி என்னவென்று சொல்கிறது. சுத்த வெள்ளையை வெயில் தொட்ட இரண்டே புள்ளிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வழி இதுதான்: 4×6 அங்குல நோட்டில் வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே டோனில் 20 நிமிஷக் குறிப்பு. பக்கத்தில் நேரமும் நிறமும் எழுதுங்கள். ஃபோன் படத்தை விவரத்துக்கு மட்டும் பாருங்கள், அது நிழலைக் கறுப்பாக்கிவிடும், கோபுரத்தையும் சாய்த்துவிடும். வாரம் 10 குறிப்பு எடுத்தால் 2 கேன்வாஸுக்குத் தேறும். தரையில் பரப்பிப் பாருங்கள், டோன் அமைப்பு ஒத்துப்போகிற இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள்.

பழைய_பேலட்

வார்னிஷ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மரப்பிசினில் செய்யும் வழக்கமான டமார் வார்னிஷுக்கு 6 மாதத்திலிருந்து 1 வருஷம் காத்திருக்க வேண்டும். ஆனிக்குள் முடிகிற படங்களுக்கு ஜனவரியில் அது கணக்காகப் பொருந்தும், தடிமனான கலருக்குப் பொருந்தாது. மிச்சத்துக்கு ரீடச் எனும் தற்காலிக வார்னிஷ் மெல்லிய ஒரு பூச்சு, அவ்வளவுதான். புது வகைச் செயற்கை ரெசின் வார்னிஷ் சிலவற்றை, கலரின் தடிமனான இடமும் தொட்டால் உறுதியாக இருந்தால் முன்னமே அடிக்கலாம். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழுந்தால் பொறுங்கள். படத்தின் ஓரத்தில் டர்பன்டைன் நனைத்த பஞ்சால் லேசாக ஒற்றி, நிறம் ஏறினாலும் பொறுத்தே ஆக வேண்டும்.

மழை பெய்கிற நாளில் வார்னிஷைத் திறக்காதீர்கள். ஈரக்காற்றில் அடித்தால் வெண்படலம் பூக்கும். ஜனவரியில் வெயில் ஏறின பிறகு, காலை 11 மணியிலிருந்து 2 மணிக்குள், படத்தையும் வார்னிஷ் பாட்டிலையும் ஒரே அறையில் ஒரு மணி நேரம் வைத்திருந்துவிட்டு அடியுங்கள்.

ஆளிவிதை சொன்ன எண்ணெய்த் தேய்ப்பில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. மேலே இன்னும் வரையப் போகிற படம் என்றால் சரி. முடிந்த படத்தில் அந்த எண்ணெய் பின்னால் மஞ்சளாகும், திரும்ப எடுக்கவும் முடியாது. முடிந்த 5 படத்துக்கும் ரீடச்தான் என் ஓட்டு.

ஆளிவிதை

ஒப்புக்கொள்கிறேன். முடிந்த படத்துக்கு ரீடச்தான் பாதுகாப்பு.

கேன்வாஸ்_மயிலை

எல்லோருக்கும் நன்றி. இந்த ஞாயிறே காசிமேடு. முடிந்த படம் ஒன்றின் பின்பக்கம் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன, பூஞ்சையா? மாட்டுவது, ஏற்றிப்போவது பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆணியும்_கம்பியும்

பூஞ்சைதான். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற வெளிச்சுவரில் சாய்த்து வைத்திருப்பீர்கள். மற்ற படங்களிலிருந்து தள்ளி வைத்து, முகமூடி போட்டுக்கொண்டு, நன்றாகக் காயவிட்டு மெத்தென்ற பிரஷ்ஷால் வெளியே தட்டுங்கள். ஈரத்துணி கூடாது. மாட்டும்போது கீழ் மூலைகளில் 1 சென்டிமீட்டர் கார்க் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். ஃப்ரேம் கடையில் பின்பக்கம் பிரவுன் பேப்பர் ஒட்டித் தருவார்கள், இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. சன்பேக் பிளாஸ்டிக் ஷீட்டில் நாலு துளை போட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

இனி சுவர்க் கணக்கு. உங்கள் 22 படமும் சேர்ந்து 16 + 24 + 20 = 60 அடி. மிச்சம் 20 அடியை 22 ஆல் வகுத்தால் ஒரு படத்துக்கு 11 அங்குலம்கூட வராது, அதிலும் மூலை, கதவு ஓரம் போய்விடும். படங்கள் ஒன்றையொன்று இடிக்கும். 24 அங்குலத்தில் 4 குறைத்தால் 52 அடி, இடைவெளி 18 அங்குலத்துக்கு மேல் கிடைக்கும். 48 அங்குலப் படத்துக்கு இரு பக்கமும் 2 அடி விடுங்கள், எட்ட நின்று பார்ப்பவருக்குப் பக்கத்துப் படம் கண்ணில் விழக் கூடாது.

படத்தின் மேல்விளிம்பை அல்ல, நடுவைச் சமமாக வையுங்கள், தரையிலிருந்து 58 அங்குலம். மாட்டும் கம்பிக்கான டி-ரிங் வளையத்தை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கித் திருகுங்கள். 36 அங்குலத்துக்கு மேல் ஸ்ட்ரெச்சருக்கு (கேன்வாஸை இழுத்து அடிக்கும் மரச்சட்டம்) நடுவில் குறுக்குக் கட்டை கட்டாயம், இல்லையென்றால் மழைக்காலத்தில் கேன்வாஸ் தொய்யும். விளக்கு 3000 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90-க்கு மேல், மேலிருந்து 30 டிகிரி சாய்வில். ஆயில் பளபளக்கும், எல்லாப் படத்தையும் ஒருமுறை நடந்து பார்த்தே விளக்கைத் திருப்ப வேண்டும்.

ஏற்றுவதற்குக் குட்டியானை போதும், ஆனால் படுக்கவைக்காதீர்கள், நிறுத்தியே வையுங்கள். பபிள் ராப்பின் குமிழ் கலரைத் தொட்டால் வட்டவட்டமாகத் தடம் பதியும். மூலைகளுக்கு அட்டை முக்கோணம் செய்து, முகத்துக்கு முகம் வைத்து நடுவே 2 அங்குலம் இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.

அரங்கு பற்றி: கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி, ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம், முட்டுக்காடு தக்‌ஷிணசித்ரா மூன்றுக்கும் வருகிற கூட்டம் வேறு வேறு. கிரீம்ஸ் சாலைக்கு ஓவியர்களும் மாணவர்களும் வேலைநாளிலேயே வருவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலைக்குச் சனி, ஞாயிறில்தான் கூட்டம், அதனால் அங்கே வைத்தால் இரண்டு வார இறுதியைப் பிடியுங்கள். ஃப்ரேம் வேலையைப் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள், அந்த நாலு நாள் கடை திறக்காது. விலையைச் சதுர அங்குலத்துக்கு ஒன்றாக வைத்தால் பேரம் குறையும். 24×36 என்றால் 864 சதுர அங்குலம், அங்குலத்துக்கு 30 ரூபாய் என்றால் 25,920. அரங்கின் கமிஷன் எத்தனை சதவீதம் என்று முதலில் எழுத்தில் வாங்கிவிட்டு விலையைப் போடுங்கள்.

கேன்வாஸ்_மயிலை

சரி, 18 என்று வைத்துக்கொள்கிறேன். முடிந்த 5-இல் 24 அங்குலப் படம் இரண்டை எடுத்துவிட்டேன், டோன் ஒரே மாதிரி இருக்கிறது. 48 அங்குலத்துக்கு ஸ்ட்ரெச்சரில் குறுக்குக் கட்டை இல்லை, நாளைக்கு அதைப் போடக் கொடுத்துவிட்டு அப்புறம் ஜெஸ்ஸோ.