லண்டன் – நியூயார்க்: வர மூன்று மணி, போகப் பன்னிரண்டா?

கேள்வி:
அடுத்த மாதம் அம்மா லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே.வுக்கு வருகிறார். வயது 72, முதன்முறையாகத் தனியாக. தூரம் பார்க்கும் தளத்தில் சுமார் 5,540 கி.மீ., ஆறரை மணி நேரம் என்று காட்டுகிறது. டிக்கெட்டிலோ காலை 11-க்குக் கிளம்பி மதியம் 2-க்கு இறங்குகிறார். திரும்பும்போது இரவு 7-க்கு ஏறி மறுநாள் காலை 7-க்கு இறங்குகிறார். "வர மூணு மணி, போகப் பன்னிரண்டாடா?" என்று அம்மா கேட்கிறார். முழங்கால் வலி உள்ளவர். உண்மையில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கும்?

பதில் 1:
டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் 5 மணி பின்னால் இருக்கிறது. ஆக வர 8, போக 7.

பதில் 2:
பதினாறு வருஷம் டிஸ்பாட்சராக, அதாவது தரையிலிருந்து விமானப் பயணத்தைத் திட்டமிடுபவராக, இருந்தேன். இந்த அட்லாண்டிக்குக்குப் பாதை போடுவதுதான் என் வேலை.

தளம் காட்டும் ஆறரை மணி வெறும் வகுத்தல். 5,540 கி.மீ.யை மணிக்கு 850 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்துப் பாருங்கள், அதேதான் வரும். அதில் காற்று இல்லை. மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்றோட்டம் ஓடுகிறது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக. 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது அந்தக் காற்றின் தயவால்தான். அம்மா வரும்போது அது எதிர்க்காற்று. அதைத் தவிர்க்கப் பல நாள் விமானத்தை வடக்கே ஒதுக்கிக் கொண்டுபோவோம். தூரம் கூடினாலும் நேரம் மிச்சம்.

போக வர சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. 900 கி.மீ. வேகத்துக்கு 150 கி.மீ. காற்று என்றால், பின்னால் தள்ளும்போது சுமார் 5 மணி 17 நிமிடம், எதிர்க்கும்போது 7 மணி 23 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து இருபது நிமிடம் குறைவாகவே ஆகும். எதிர்க்காற்றில் கூடுதல் நேரம் சிக்கிக்கொள்கிறோம், அதனால்தான்.

டிக்கெட்டின் 8 மணி, ஹீத்ரோவில் பயணிகள் ஏறும் வாசலிலிருந்து விமானம் நகர்ந்தது முதல் நியூயார்க்கில் இறங்கும் வாசலில் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதற்குள் அடக்கம். நடைபாதை ஓர இருக்கை வாங்கிக் கொடுங்கள், எழுந்து நடக்கட்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி சார். காலை 8, இரவு 8 என்று மாத்திரை போடுகிறார். எந்த ஊர் நேரம்?

பதில் 2:
முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அன்றைக்கு மட்டும் லண்டன் நேரமே என்று அவர் சொன்னால், அம்மா கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டாம். இறங்கும்போது அதில் இரவு 7 காட்டும். 8 மணிக்கு அம்மா குடிவரவு வரிசையில் நின்றுகொண்டிருக்கலாம். மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம்.